மேற்கு கறுத்த ஞாயிறு: துறைமுகத்துப் பாய்மரக் கிளப் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஜூன் மாத ஞாயிறு ஒன்றில் சென்னைத் துறைமுக வாய்க்கு வெளியே பிள்ளைகளுக்கான பாய்மரப் படகுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு மேற்கிலிருந்து இடிமழைக் காற்று அடித்தது. அப்போது தண்ணீரில் 21 பிள்ளைகள் இருந்தார்கள். 20 பேர் கிளப்பின் மீட்புப் படகுகளோடு திரும்பி வந்தார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எங்கே இருக்கிறாள் என்று முக்கால் மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. அவள் காசிமேட்டு மீனவர்களின் ஃபைபர் படகில் பத்திரமாக இருந்தாள்.

நடந்ததை விசாரித்து எழுதித் தரும்படி நிர்வாகக் குழு என்னிடம் சொன்னது. பயிற்சியாளர்கள், கொட்டகைப் பணியாளர்கள், பெற்றோர், பிள்ளைகள், அந்த ஃபைபர் படகில் இருந்த இரண்டு மீனவர்கள் என்று எல்லோரிடமும் பேசினேன். அந்த அறிக்கையைத்தான் படகோட்டம் தெரியாதவர்களுக்கும் புரியும்படி இங்கே விரித்து எழுதுகிறேன். கிளப்பின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன். விசாரித்த பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது இதுதான்: எங்கள் ஆட்கள் கூடிப் பழகும் விதம்தான் அன்று பிள்ளைகளைக் காப்பாற்றியது. அந்தப் பழக்கம் துறைமுக மதிலோடு நின்றுபோனதால்தான் அந்த முக்கால் மணி நேரத் தவிப்பு வந்தது.

ஞாயிறு எப்படி ஓடும்

சென்னைத் துறைமுகத்துக்குள் பொழுதுபோக்காகப் பாய் விரிப்பது நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம். துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தொடங்கியதுதான் இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். பின்னாளில் தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன் வந்து கோடைமுகாம்களை நடத்த ஆரம்பித்த பிறகு, இது பெரிய மனிதர்களின் விளையாட்டு என்ற எண்ணம் கொஞ்சம் தளர்ந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் நான்கு பேர் பாய்மரப் படகோட்டத்தில் கலந்துகொண்டார்கள். நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் மூவரும் சென்னைக்காரர்கள். நான்காமவர் வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன். ஒலிம்பிக் படகோட்டத்துக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா. அவருக்கு இந்த விளையாட்டு அறிமுகமானது சென்னையில் நடந்த ஒரு கோடைமுகாமில்தான். ஏப்ரல் பிறந்தால் எங்களிடம் விசாரிக்க வரும் பெற்றோரில் பாதிப் பேர் இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒலிம்பிக் பற்றி யாரும் பேசுவதில்லை. மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் காவல் காக்கும் வாயிலில், முதல்நாளே கொடுத்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு குடும்பமாக உள்ளே விடுவார்கள். யாராவது ஒரு வீட்டிலிருந்து பெரிய டிபன் கேரியரில் இட்லி வரும், இன்னொரு வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதம். அதற்குள் பிள்ளைகள் கொட்டகையில் படகுகளை இறக்கிப் பாய் கட்ட ஆரம்பித்திருப்பார்கள்.

பதினைந்து வயது வரை ஓட்டுவது ஆப்டிமிஸ்ட். எல்லோருக்கும் அது 'ஆப்டி'. 1947இல் அமெரிக்காவில் புளோரிடாவைச் சேர்ந்த கிளார்க் மில்ஸ் என்பவர் குழந்தைகளுக்காகவே வடிவமைத்த படகு. நீளம் 2.36 மீட்டர், எடை 35 கிலோ, முன்பக்கம் கூர் இல்லாமல் மொட்டையாக இருக்கும். ஆப்டியைத் தாண்டிய பிள்ளைகள் ஐஎல்சிஏ 4 என்ற 4.23 மீட்டர் படகுக்குப் போவார்கள். இரண்டிலுமே ஒருவர்தான். பாய், சுக்கான், முடிவு எல்லாம் அந்த ஒரு பிள்ளையின் கையில்.

கிளப்பில் எழுதப்படாத ஏற்பாடு ஒன்று உண்டு. ஐஎல்சிஏ பிள்ளைகள் தங்கள் படகைத் தயார் செய்ததும் ஆளுக்கு இரண்டு ஆப்டியைச் சரிபார்க்க வேண்டும். மூன்று காற்றுப்பைகளும் உப்பியிருக்கின்றனவா, தண்ணீர் இறைக்கும் டப்பா கயிற்றில் கட்டியிருக்கிறதா, இழுவைக் கயிறு இருக்கிறதா, லைஃப் ஜாக்கெட் பக்கிள் மாட்டியிருக்கிறதா. இறைக்கும் டப்பா என்பது வேறொன்றுமில்லை, சமையல் எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டியதுதான். கவிழ்ந்து நிமிர்ந்த ஆப்டிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அந்த டப்பா இல்லையென்றால் நிமிர்த்தியும் பிரயோசனமில்லை.

அப்புறம் டேக் பலகை. இந்த ஆய்வில் முக்கியமான பொருள் இதுதான் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். படகுகளைத் தண்ணீரில் இறக்கும் சரிவுப் பாதையின் தலைமாட்டில், நீல பெயின்ட் அடித்த ஒட்டுப்பலகை ஒன்று நிற்கிறது. அதில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் பாய் எண் எழுதிய சிவப்பு பிளாஸ்டிக் வில்லை. தண்ணீருக்குப் போகும் பிள்ளை தன் வில்லையைக் கழற்றி லைஃப் ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும், திரும்பி வந்ததும் அதே கொக்கியில் மாட்ட வேண்டும். பலகைக்குப் பக்கத்து மேசையில் அம்மாக்களில் ஒருவர் முறைவைத்து உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளுக்கு அவர் 'கரை அக்கா'. மாட்ட மறந்த பிள்ளை அடுத்த ஞாயிறு எல்லாப் படகுகளையும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவுவது எப்படியும் எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலைதான், உப்பு காய்ந்தால் உருளைகளும் கயிறுகளும் போய்விடும். தனி ஆளாகக் கழுவுவதுதான் தண்டனை. அதனால் எட்டு வயதுப் பிள்ளைகூட டேக்கை மறப்பதில்லை.

அன்றைய வானம்

ஜூனில் சென்னைக் காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றின் காலம் என்பதால் காலையில் நிலத்திலிருந்து வெப்பமான மேற்குக் காற்று வீசும். நிலம் நன்றாகச் சுட்ட பிறகு, மதியத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ கடற்காற்று உள்ளே நுழையும். எங்கள் போட்டிகள் அந்தக் கடற்காற்றை நம்பித்தான் நடக்கின்றன. அன்று ஒன்றேகாலுக்கு அது வந்தது. கிழக்குத் தென்கிழக்கிலிருந்து 10 நாட் வேகம், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டருக்கு மேல். ஆப்டிக்கு இதைவிடத் தோதான காற்று கிடையாது.

இதே மாதங்களில்தான் மாலை இடிமழையும். திருவள்ளூர், வேலூர் பக்கம் பிற்பகலில் மேகம் திரண்டு எழும்பும். மேலடுக்கில் வீசும் மேற்குக் காற்று அதைக் கடலை நோக்கித் தள்ளும். மழையால் குளிர்ந்த கனத்த காற்று மேகத்திலிருந்து கீழே விழுந்து தரையில் பரவும்போது, மழைக்கு முன்னாலேயே அந்தக் காற்று வந்து தாக்கும். கரையில் இருப்பவர்களுக்கு அது புழுதியும் சில்லென்ற சுகமும். பாய்மரப் படகில் இருப்பவர்களுக்கு அது கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும் காற்று. கரையோரம் அலை பெரிதாக எழும்பாது என்பதால் பார்ப்பதற்குப் பயமாகவும் இருக்காது. படகு தள்ளிப்போவதே தெரியாமல் தள்ளிப்போகும்.

இந்தக் காற்றுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு நிசப்தம் வரும். எதிரெதிர்க் காற்றுகள் மோதும் வேளையில் கடற்காற்று செத்துப்போகும். பாய் தொங்கிவிடும். எங்கள் திட்டத்தில் இந்த இடைவெளிக்கு இடமே இல்லாமல் இருந்தது.

நடந்தது

மூன்று ரேஸ் முடிந்து நான்காவது தொடங்கிய நேரத்தில், மீட்புப் படகு ஓட்டும் மூத்த பணியாளர் வாக்கி-டாக்கியில் பேசினார். மீனவக் குடும்பத்தில் பிறந்து ராயபுரத்தில் வளர்ந்தவர் அவர். "சார், மேற்கால கறுத்துக்கினு வருது. நிறுத்திடலாம்." போட்டியை நடத்தும் ரேஸ் ஆபீசர் வாதாடவில்லை. 4.10க்கு 'N' கொடியும் அதற்குக் கீழே 'A' கொடியும் ஏறின, மூன்று முறை ஹாரன் அடித்தது. போட்டி ரத்து, இன்று வேறு ரேஸ் இல்லை என்று அதற்குப் பொருள். முன்னிலையில் இருந்த பையன் ஒருவனுக்கு அழுகை வந்துவிட்டது என்று அவனே சொன்னான். இருந்தாலும் படகைத் திருப்பினான்.

அடுத்த பத்து நிமிடத்துக்குள் காற்று நின்றது. துறைமுக வாய்ப் பகுதியிலிருந்து கிளப்பின் சரிவுப் பாதை வரை துறைமுகத்தின் நீளத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் கடக்க வேண்டும். கப்பல் போகும் பாதையில் பிள்ளைகளைத் துடுப்புப் போட விட முடியாது. இரண்டு மீட்புப் படகுகளும் ஆப்டிகளைக் கயிற்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தன, ஆளுக்கு எட்டு. ஐஎல்சிஏக்கள் ஐந்தும் தாங்களாகவே மெதுவாக நகர்ந்தன. கோத்து முடிக்கவே இருபது நிமிடம் ஆனது.

4.45க்குக் காற்று வந்தது. ரேஸ் ஆபீசரின் கையிலிருந்த கருவியில் 34 நாட் வரை காட்டியது, மணிக்கு 63 கிலோமீட்டர். கூடவே கண் தெரியாத மழை. முதல் வரிசை வாய்க்குள் நுழைந்திருந்தது, தப்பித்தது. இரண்டாவது வரிசை வெளியே. அதில் மூன்று படகுகள் கவிழ்ந்தன. போட்டி விதிப் புத்தகத்தின் முதல் விதியே ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்பதுதான். அதைச் சுவரில் எழுதிவைக்காத கிளப் எதுவும் இருக்காது. அன்று இரண்டு ஐஎல்சிஏ பிள்ளைகள் பாயைத் தளரவிட்டு, பதினான்கு வயதில், கவிழ்ந்த ஆப்டிகளின் பக்கம் போய், குட்டிப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். "டப்பா எடு. இறை. என்னைப் பாரு, அலையைப் பாக்காத." யாரும் சொல்லிக் கொடுக்காத வார்த்தைகள். காலையில் அதே பிள்ளைகளின் லைஃப் ஜாக்கெட் பக்கிளைப் பார்த்தவர்கள் அவர்கள்.

இந்தக் கலவரத்தில் இரண்டாவது வரிசையின் கடைசிப் படகின் முடிச்சு நழுவியது. கடைசி என்பதால் பின்னால் பார்க்க யாருமில்லை. மழையில் அந்த ஆப்டி கிழக்கே போய்விட்டது. அதை ஐஎல்சிஏ பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள் என்று மீட்புப் படகில் இருந்தவர் நினைத்தார். அதை மீட்புப் படகு இழுத்துக்கொண்டு போகிறது என்று அவர்கள் நினைத்தார்கள்.

5.05க்குக் கரை அக்கா வாக்கியில் கேட்டார், "ஒவ்வொரு நம்பரா சொல்லுங்க." எல்லாரும் இருக்காங்க அக்கா என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. "எல்லாரும்னா எனக்கு வேணாம். நம்பர் சொல்லுங்க." பலகையில் 21 கொக்கி காலி, வாக்கியில் 20 எண். யார் இல்லை என்பது அந்த நொடியே தெரிந்தது. உடனே துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கு விஎச்எஃப் ரேடியோவில் சொன்னார்கள், கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554க்கும் அழைத்தார்கள். ஒரு மீட்புப் படகு காலியாகித் திரும்ப வெளியே பறந்தது. கரை அக்கா அன்று பலகையை வெறும் சடங்காக நடத்தியிருந்தால் கடைசிப் படகு சரிவுப் பாதையில் ஏறும் வரை விஷயம் தெரிந்திருக்காது. இதை நான் அறிக்கையிலும் எழுதினேன், இங்கேயும் எழுதுகிறேன்.

காசிமேட்டில்

ஃபைபர் படகு ஓட்டியவரை அடுத்த வாரம் பார்த்தேன். "பாப்பா போட்டைப் புடிச்சிக்கினு இருந்துச்சு. அழுவல. ஏறு ஏறுன்னா, போட்டை வுட்டுட்டு வரமாட்டேன்னு ஒரே அடம்." படகை விட்டு நீந்தாதே என்பது நாங்கள் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். நீரில் ஒரு தலையைக் கண்டுபிடிப்பதைவிட ஒரு படகைக் கண்டுபிடிப்பது எளிது. அவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டுவிட்டாள். கடைசியில் இரண்டு பேருமாக ஆப்டியைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டி, அதையும் தூக்கி வலை மேல் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.

அவர்களால் எங்கள் இடத்துக்கு வந்திருக்க முடியாது. சரக்குத் துறைமுகத்துக்குள் மீன்பிடிப் படகு நுழைய அனுமதி இல்லை. அதனால் வழக்கம்போல வடக்கே காசிமேட்டுக்குப் போனார்கள். அங்கே ஏலக் கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் அவளுக்குத் துண்டும் உலர்ந்த நைட்டியும் கொடுத்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவசர எண்ணுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "புள்ள நல்லா இருக்குது, அப்புறம் எதுக்கு சார் போலீசு? வீட்டுக்குச் சொன்னா போதும்னு நெனச்சோம்." அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் அதில் ஒரு தப்பும் இல்லை.

வீட்டுக்குச் சொல்வதில்தான் நேரம் போனது. படகில் கிளப்பின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கமாக இருந்தது, தொலைபேசி எண் எதுவும் இல்லை. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அப்பாவின் எண் மட்டும். அவர் வேலை விஷயமாக ஓசூரில் இருந்தார், தெரியாத எண் என்று இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார். 5.35க்கு அவர் கரை அக்காவை அழைத்தார். மேகம் மூடியிருந்ததால் அதற்குள்ளேயே நல்ல இருட்டு. அம்மா சரிவுப் பாதையிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் எப்படி இருந்தார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

என்ன தெரிந்தது

போட்டியை நிறுத்திய முடிவு சரி, நேரமும் ஏறக்குறைய சரி. ஆனால் அது ஒரு மனிதரின் கண்ணை நம்பி எடுத்த முடிவு. மழைமேகம் எங்கே வருகிறது என்று காட்டும் வானிலைத் துறையின் டாப்ளர் ராடார் 2002 முதல் ராஜாஜி சாலையில் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் மேலேயே நிற்கிறது. அதன் படங்களை யார் வேண்டுமானாலும் செல்பேசியில் பார்க்கலாம். தண்ணீரில் இருந்தவர்களுக்காகக் கரையில் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நாங்கள் யாரையும் நியமிக்கவில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால், காற்று சாவதற்கு முன்பே பிள்ளைகள் தாங்களாகப் பாயில் திரும்பியிருப்பார்கள். இழுவையே தேவைப்பட்டிருக்காது.

முடிச்சு நழுவியதற்குச் சிறுமியைக் குறை சொல்ல முடியாது. ஈரக் கயிற்றில், அவசரத்தில், யாரோ ஒருவர் போட்ட முடிச்சு. குறை வரிசை அமைப்பில் இருந்தது. சிறிய பிள்ளைகளைக் கடைசியில் கட்டினார்கள், மீட்புப் படகில் இருந்தவர் முன்னால் பார்த்தே ஓட்டினார். இப்போது மீட்புப் படகில் இரண்டாவது ஆள் ஒருவர் பின்பக்கம் பார்த்து உட்காருவது கட்டாயம், வரிசையின் கடைசியில் அனுபவமுள்ள பிள்ளை. எட்டுப் படகுக்கு மேல் ஒரு வரிசை இல்லை என்ற பழைய கணக்கும் ஐந்தாகக் குறைந்துவிட்டது. அதனால் மூன்றாவது மீட்புப் படகு இல்லாத நாளில் முன்பைவிடக் குறைவான பிள்ளைகளையே வெளியே விடுகிறோம். பந்தயம் சின்னதாகிவிட்டது என்று சில பெற்றோருக்கு வருத்தம். நான் குழுவின் பக்கம்தான்.

தொலைபேசி எண் விஷயம் வெட்கப்படும் அளவுக்குச் சுலபமாகத் தீர்ந்தது. எல்லாப் படகின் உள்பக்கத்திலும் கிளப்பின் பெயரும் கரை மேசையின் செல்பேசி எண்ணும் தமிழில், அழியாத பெயின்ட்டில் எழுதியாயிற்று.

ஆழமான விஷயம் வேறு. காசிமேடும் நாங்களும் ஒரே தண்ணீரில் தினமும் இருக்கிறோம், இடையில் இருப்பது ஒரு மதில். இத்தனை வருடத்தில் எங்களிடம் அவர்களில் ஒருவரின் எண்கூட இல்லை. நன்றி சொல்ல ஒரு விருந்து வைக்கலாம் என்று கிளப்பில் பேச்சு வந்தபோது, வாயில் அனுமதிச் சீட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் என்று தெரிந்தது. அதனால் நாங்கள்தான் காசிமேட்டுக்குப் போனோம், சிறுமியும் வந்தாள். அங்கே அவர்கள் எங்களிடம் சொன்னது ஒரு புகார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போடும் பந்தய மிதவைகளின் நங்கூரக் கயிறு அவர்கள் வலை இழுக்கும் வழியில் வருகிறது, இரண்டு முறை வலை கிழிந்திருக்கிறது. எங்களுக்கு அது தெரியவே தெரியாது. யாரிடம் சொல்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் மிதவை போடும் இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அவர்கள் பதிலுக்குக் காற்றும் நீரோட்டமும் எப்படி இருக்கிறது என்று குரல் பதிவு அனுப்புகிறார்கள். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, வானம் தெளிவாக இருந்தும், மதியத்துக்கு மேல் வேண்டாம் என்று ஒரு குரல் பதிவு வந்தது. அன்று போட்டியைக் காலையிலேயே முடித்தோம். நாலரைக்கு அடித்தது.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. பேச்சு முடியும்போது ஃபைபர் படகுக்காரர், தன் மகளையும் அண்ணன் மகனையும் இந்தச் சின்னப் படகில் கற்றுக்கொள்ள அனுப்பலாமா என்று கேட்டார். இரண்டு பேருக்கும் நன்றாக நீந்தத் தெரியும், காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் திரும்பிப் பார்க்காமல் சொல்வார்கள். முகாம் கட்டணம் அவர்களுக்கு அதிகம், வாயில் அனுமதிக்கு மாதாமாதம் காகிதம் வேண்டும், ஞாயிறு காலை அவர்கள் வீட்டில் வேலை நாள். இவை மூன்றுமே தீர்க்கக்கூடியவை. கட்டணத்தைக் கிளப் ஏற்கலாம், காகிதத்தை ஒரு ஆள் பொறுப்பெடுத்துப் பார்க்கலாம், அவர்களுக்காகச் சனிக்கிழமை மாலை ஒரு வகுப்பு வைக்கலாம். அந்த வகுப்புக்குக் கரை மேசையில் உட்கார நான்கு அம்மாக்கள் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் அந்தச் சிறுமியின் அம்மா. தீர்மானம் எழுதி நிர்வாகக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருகிறது.